கத்தி – 1, உறையுடன்

மடக்குக் கத்தி ஒருமுறை
என் விரலைத் தன் அலகென்று நினைத்து
மூடிக்கொண்டது.
மூன்று தையல், ஓசூர் அரசு மருத்துவமனை.
அன்றிலிருந்து கீல் வைத்த எதையும்
கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன்,
குடை உட்பட.

பாகலூர் சாலையில் சென்னப்பாவின் கடை.
பூட்டு, தாழ்ப்பாள், ரோஜாச் செடிக்குக் கவாத்துக் கத்தரி,
கண்ணாடிப் பெட்டிக்குள் கத்திகள்.
அவர் முதலில் எடுத்து நீட்டியதற்கு
முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் திசைகாட்டி,
திசைகாட்டிக்கு அடியில் தூண்டில் முள்.
"எல்லாம் இருக்கு மேடம்."
எல்லாம் இருந்தது.
அதற்கெல்லாம் இடம்விட்டுப் பிடிதான் பொள்ளலாகிவிட்டது.

அடுத்தது ஒரு முழத்துக்குச் சற்றே குறைவு.
"யாரை வெட்டப் போறே?" என்றாள் தில்ஷாத்.
"ரொட்டியை."
"அப்ப வச்சிடு."

சிப்காட்டில் பாகங்களை அளப்பது என் வேலை.
வெர்னியரைப் பையில் கொண்டுபோயிருந்தேன்.
அலகு நாலு அங்குலம்.
முதுகு மூன்றேகால் மில்லி.
இரும்பு பிடிக்குள் பாதியில் நின்றுவிடாமல்
கடைசிவரை ஓடுகிறதா என்று
பக்கவாட்டில் கோடு தேடினேன்.
ஓடியது. மூன்று ஆணி, எதுவும் ஆடவில்லை.
பாட்டிலைத் திறந்து கையை நனைத்துக்கொண்டு
மறுபடி பிடித்துப் பார்த்தேன்.
சென்னப்பா ஈரத் தரையைப் பார்த்தார்,
மூலையில் துடைப்பத்தைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் இரண்டு மிஞ்சின.
ஒன்று துருப்பிடிக்காதது. மற்றது பிடிக்கும்.
"எண்ணெய் போடணும், தொடைக்கணும்,
ஈரத்தோட உறையில சொருகக் கூடாது.
ஆனா கல்லுல நாலு இழுப்பு, கூர் வந்துரும்."
துருப்பிடிப்பதை ஏன் வாங்கினாய் என்று
தில்ஷாத் பேருந்திலும் கேட்டாள்,
தேன்கனிக்கோட்டையில் டீ குடிக்கும்போதும் கேட்டாள்.
டீ சூடாக இருப்பதாகச் சொன்னேன்.

ஆனி மாதச் சனிக்கிழமை, சோதனைச்சாவடி.
வனக்காவலர் சித்தலிங்கம்
அனுமதிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.
பையைத் திறக்கச் சொன்னார்.
"இது எதுக்கு?"
கயிறு அறுக்க, சுள்ளி சீவ, தக்காளி நறுக்க.
"கயிறை ஏன் அறுக்கணும், அவுக்கலாமே.
தீ மூட்ட அனுமதி இல்லை.
தக்காளியைக் கடிச்சுத் தின்னுங்க."
பதிவேட்டில் எழுதினார்:
கத்தி – 1, உறையுடன்.
பக்கத்தில் என் கையெழுத்து.

பெட்டமுகிலாளம் வரை இடுப்பில் வெறும் வார்.
ஏற்றத்தில் கை தானாக அங்கே போய்
ஏமாந்து திரும்பியது.
முடிச்சைத் தில்ஷாத் பல்லால் அவிழ்த்தாள்.
தக்காளி முழங்கை வரை வழிந்தது.
ராத்திரி, கூடாரத்துக்குக் கீழே பள்ளத்தில்
ஏதோ மூங்கிலை முறித்தது,
ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல்.
நாலு அங்குலம், என்று நினைத்துக்கொண்டேன்.
சிரிப்பு வந்தது.
சத்தமாகச் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிறு மாலை கத்தி திரும்பி வந்தது.
உருவினேன். அலகில் ஒரு கறை,
மேகம்போல, நீலமும் கருப்பும்,
ஓரத்தில் கொஞ்சம் பித்தளை நிறம்.
"மாங்கா நறுக்கினேன்மா. பெங்களூரா. பசிச்சது."
குரலில் குற்றம் எதுவும் இல்லை.
"நல்லா எறங்குது. சாறு பட்டும் பிடி வழுக்கலை.
கழுவி, தேங்காயெண்ணெய் தடவித்தான் வச்சிருக்கேன்."
கோபப்பட ஒரு வாக்கியம் தேடினேன்.
என் வெர்னியரில் மாங்காய்க்கு அளவு இல்லை.

பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டேன்.
மீதி அரை மாங்காயையும்
தாளில் மடித்த உப்பு மிளகாயையும்
பதிவேட்டின் மேலேயே வைத்தார்.
தில்ஷாத் நறுக்கினாள்.
கறை இன்னும் கொஞ்சம் மேலேறியது.
துடைக்கத் துணி இல்லை.
துப்பட்டாவின் ஓரத்தை நீட்டினாள்,
ஏன் வாங்கினாய் என்று கேட்டபடியே.